வெட்டியெடுத்த புதன்கிழமை

அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை இல்லை. செவ்வாய்க்கிழமை படுத்தவர்கள் வியாழக்கிழமை எழும்பினார்கள். அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. வானொலியில் அறிவித்தார்கள். காரணமும் சொன்னார்கள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாளை வைத்திருந்து என்ன பயன்?

என் மனைவி பவளராணி அந்தப் புதன்கிழமைதான் இறந்தாள்.

ஆண்டுத் திவசம் வரும்வரை இது ஒரு சிக்கலாகத் தெரியவில்லை. திவசம் செய்யத் திதி வேண்டும். திதி இறந்த நாளோடு ஒட்டியிருக்கும். நான் கோயில் ஐயரிடம் போனேன். அவர் போன வருடத்துப் பஞ்சாங்கத்தை மடியில் விரித்தார். மாசி மாதத்தில் ஒரு கட்டத்தைக் காணவில்லை. எலி அரித்ததல்ல. கத்தரிக்கோல் வேலை. ஓரம் மிக நேராக இருந்தது. ஓட்டை வழியாக ஐயரின் முழங்கால் தெரிந்தது.

"வேற நாள் ஒண்டு பாப்பமே?" என்றார் ஐயர். "செவ்வாயில நல்ல திதி இருக்கு."

"செவ்வாய் அவ உயிரோட இருந்தவ, ஐயா."

"அப்ப வியாழன்?"

"வியாழன் மண்ணில தாட்டாச்சு."

"எப்பதான் செத்தவ?"

"நடுவில."

"நடுவில நாள் இல்லையே."

இரண்டு பேரும் அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரி, எங்கையாவது தேடித் திதியைக் கொண்டு வாங்கோ," என்றார். "மிச்சம் நான் பாக்கிறன். படையலுக்கு அவவுக்கு விருப்பமானதைச் சமையுங்கோ. ஆனா ஒண்டு. ருசி பாக்கப்படாது. உப்புக்கூடப் பாக்கப்படாது. உயிரோட இருக்கிற ஆள் வாயில வைச்சதைச் செத்த ஆளுக்குப் படைக்கேலாது."

"உப்புப் பிழைச்சால்?"

"செத்தவை குறை சொல்லமாட்டினம்."

"ஐயாவுக்குப் பவளத்தைத் தெரியாது," என்றேன்.

எடுத்த நாட்களை வைத்திருக்கும் அரசாங்கத் திணைக்களம் பள்ளிக்கூடத்தில் இயங்கியது. நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் தங்கியிருந்த அதே பள்ளிக்கூடம். அப்போது வகுப்பறைக்குப் பல குடும்பங்கள் இருந்தன. நடுவில் சேலை கட்டி வீடு பிரித்திருந்தோம். நாங்கள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இருந்தோம். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

இப்போது சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு. கூரையில் அந்தப் புதன்கிழமை விழுந்த ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. அதன் கீழ் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பலகையில் 'காற்றோட்டம்' என்று எழுதியிருந்தது. மழை அதன் வழியாகப் பெய்தது. கீழே இருந்த எழுதுவினைஞர் குடை பிடித்தபடி வேலை செய்தார்.

விறாந்தையில் ஆட்கள் இருந்தார்கள். நான் கடைசியில் போய் இருந்தேன். இன்னும் ஆட்கள் வந்தார்கள். விறாந்தை நீண்டது. ஆள் வர வர அது நீளும் என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். காலையில் வந்தபோது வாசலில் இருந்தாளாம். எழும்பவே இல்லையாம். இப்போது வாசல் ஒரு தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

"உங்களுக்கு எந்த நாள் காணேல்லை?" என்று கேட்டாள்.

"ஒரு புதன். உங்களுக்கு?"

"எனக்குச் சித்திரை."

"சித்திரையில எது?"

"சித்திரை."

என்னுடையது சிறிய அலுவல் என்று சொல்லி அவள் எனக்கு இடம் விட்டாள். விறாந்தை முழுக்க அப்படியே இடம் விட்டார்கள். ஒரு நாள்தானே, போய் வாங்கிக்கொண்டு வாங்கோ என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் ஆண்டு வகுப்பறைக்குள் போனேன். சேலை தொங்கிய இடத்தில் குணரத்தினம் அண்ணை நின்றார்.

சேலைக்கு அந்தப் பக்கம் இருந்தது அவருடைய குடும்பம். அந்தப் புதன்கிழமை நானும் அவரும் கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது பவளம் இல்லை. அவருடைய மனைவியும் இரண்டு மகள்மாரும் இல்லை. சேலையும் இல்லை. அவர் சேலை இருந்த இடத்தில் போய் நின்றார். பிறகு அசையவில்லை. கொஞ்சக் காலத்தில் சுவராகிவிட்டார். திணைக்களம் வந்தபோது அவருக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். நெஞ்சில் ஒரு ஆணி அறைந்து அரசாங்க நாட்காட்டியைத் தொங்கவிட்டார்கள்.

"எப்பிடி இருக்கிறியள் அண்ணை?"

"இருக்கிறன் தம்பி. மழைக்கு ஈரம்தான் ஊறுது."

"ஆணி நோகுதோ?"

"ஆணியைத் தாங்கலாம். இந்த நாட்காட்டி நெஞ்சில கிடந்து பொய் சொல்லுது. அதுதான் கடி."

சுவருக்கு அந்தப் பக்கம் மேசையில் ஒரு பெண் இருந்தாள். தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. எல்லோரும் அவளை மிஸ் என்று கூப்பிட்டார்கள். அவள் எனக்கும் இரண்டு சுளை தந்தாள். மரியாதையான பிள்ளை.

"என்ன நாள் வேணும் ஐயா?"

"மாசி மாதத்துப் புதன், மிஸ்."

"அது இல்லையே."

"இல்லாததைத்தான் கேட்டு வந்தனான்."

"அப்ப சரி. இல்லாதது எல்லாம் எங்களிட்டப் பத்திரமா இருக்கு. அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"இஞ்சதான். இந்தப் பள்ளிக்கூடத்தில."

"படிச்சுக்கொண்டோ?"

"இல்லை. சனத்தோட சனமா இடம்பெயர்ந்து இருந்தனாங்கள்."

"சனம் படுத்து எழும்பினால் அது வீடு. பள்ளிக்கூடம் இல்லை."

"பிள்ளையள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்ததுகள், மிஸ். இவற்ற மகள்மார்." நான் சுவரைக் காட்டினேன்.

"ஆர் படிப்பிச்சது?"

"ஒருத்தருமில்லை. தாங்களே சொல்லினதுகள்."

"வாத்தியார் இல்லாட்டில் அது வெறும் சத்தம்."

சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அவள் மேசையைத் துடைத்தாள்.

"நீங்கள் பொதுமக்களோ ஐயா?"

"ஓம்."

"பொதுமக்கள் எண்டால் பாதுகாப்பான இடத்தில எல்லோ நிண்டிருப்பினம். பள்ளிக்கூடம், கோயில், அப்பிடி."

"பள்ளிக்கூடத்தில்தானே மிஸ் நிண்டனாங்கள்."

"இஞ்ச வாற எல்லாரும் குண்டு விழுந்தது எண்டு சொல்லுறியள். பள்ளிக்கூடத்தில குண்டு விழாது. அதால இது பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில நிண்டவை பொதுமக்கள் இல்லை."

"அப்ப நாங்கள் ஆர்?"

"அதை நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கெப்பிடித் தெரியும்?"

அவள் இன்னொரு சுளை தந்தாள்.

"நாங்கள் இருக்கிற இடத்தை அரசாங்கத்துக்குக் குறிச்சு அனுப்பினனாங்கள் மிஸ். இது பள்ளிக்கூடம், சனம் இருக்கு, போடாதேங்கோ எண்டு. கூரையிலயும் பெரிசா எழுதினனாங்கள்."

"தெரியும் ஐயா. வந்து சேர்ந்தது. நல்ல திறமாக் குறிச்சிருந்தீங்கள். விமானி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவர். முந்தி எல்லாம் தேடித் திரியவேணுமாம்."

"கூரையில எழுதினது?"

"அவர் பள்ளிக்கூடம் போகாத ஆள். வாசிக்கத் தெரியாது. போயிருந்தால் பள்ளிக்கூடம் எப்பிடி இருக்கும் எண்டு தெரிஞ்சிருக்கும், பாவம்."

அடுத்த மேசையில் குடையோடு இருந்த எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தினார். "அப்பிடி ஒரு விமானியும் இல்லை, மிஸ்," என்றார்.

"ஓம், மறந்துபோனன். அப்பிடி ஒருத்தர் இல்லை. ஆனா நன்றி சொன்னவர்."

அவள் எழும்பி அலுமாரியைத் திறந்தாள். உள்ளே நாட்கள் அடுக்கியிருந்தன. மடித்த போர்வைகள் போல இருந்தன. அந்துருண்டை மணத்தது. புதன்கிழமையை இழுத்து எடுத்து மேசையில் விரித்தாள். ஒரு ஓரத்தில் அடுப்புப் புகையும் பூசணிக்காயும் மணத்தன. மற்ற ஓரம் கருகியிருந்தது. அந்தப் பக்கத்தை அவள் தொடவில்லை.

"முழுசாத் தரேலாது," என்றாள். "குண்டு எங்கட பதிவில இல்லை. அது இருக்கிற துண்டைத் தந்தால் நாங்கள் ஒத்துக்கொண்டதாப் போயிடும். அதுக்கு முன்னம் உள்ளதை வெட்டித் தாறன். எந்த இடத்தில வெட்ட? கடைசியா என்ன நடந்தது?"

"பவளம் பூசணிக்காய்க் கறி காய்ச்சிக்கொண்டு நிண்டவ. உப்புப் பாக்கச் சொன்னவ. வந்து பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வாளியோட தண்ணிக்குப் போனனான்."

"வந்து பாத்தனீங்களோ?"

நான் கூரையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"சரி, விளங்குது," என்றாள். கத்தரிக்கோலை எடுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு நேராக வெட்டினாள். எனக்குரிய துண்டை மடித்து ஒரு பையில் போட்டுத் தந்தாள். மிச்சத்தை மேசை லாச்சிக்குள் திணித்தாள். லாச்சி மூடவில்லை. உள்ளே தூரத்தில் ஏதோ இரைந்தது. அவள் முழங்காலால் தள்ளிப் பூட்டினாள்.

"இதில திதி இருக்கோ, மிஸ்?"

"இருக்கு."

"சாவு?"

"அது லாச்சிக்குள்ள. உங்கட துண்டில ஒருத்தரும் சாகேல்லை ஐயா. நல்ல நாள். ஈரம் படாமல் வைச்சிருங்கோ."

வெளியே வரும்போது குணரத்தினம் அண்ணை கூப்பிட்டார்.

"தம்பி, அதைத் திறக்கேக்க என்ர பக்கத்தையும் ஒருக்காப் பாரடா."

"நீங்களும் வாங்கோவன் அண்ணை."

"நான் வந்தால் கூரை விழுந்திடும். பிறகு இவை அதுக்கும் ஒரு பேர் வைப்பினம்."

ஐயர் திவசத்துக்கு வந்தார். முன்னறையில் தர்ப்பை, எள், தண்ணீர் எல்லாம் பரப்பினார். தலைவாழையிலை போட்டார். நான் சமையலறையில் பூசணிக்காய் வெட்டினேன். பவளம் வெட்டுவது போலத் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டினேன். உப்பை ஒரு குத்துமதிப்பில் அள்ளி வைத்துக்கொண்டேன். சரியாக இருக்குமென்று நம்பிக்கை இல்லை.

"திதி வந்திட்டுதோ?" என்று ஐயர் கேட்டார்.

"வந்திட்டுது ஐயா. விரிக்கிறன்."

பையிலிருந்து புதன்கிழமையை எடுத்தேன். உதறினேன். சமையலறை நிலத்தில் விரித்தேன். அது நான் நினைத்ததைவிடப் பெரியது. சுவர்களுக்கு மேலாலும் போனது. கரும்பலகை வந்தது. யாரோ பாதியில் விட்ட கணக்கு அதில் இருந்தது. ஒதுக்கி அடுக்கிய, பிள்ளைகள் இருந்து எழுதும் வாங்குகள் வந்தன. கொடியில் சேலை வந்தது. பவளத்தின் பச்சைச் சேலை. அதற்கு அந்தப் பக்கத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொன்னார்கள். சின்னவள் பிழை விட்டாள். ஒரு ஆண் குரல் சிரித்தது. குணரத்தினம் அண்ணை இன்னும் சுவராகவில்லை.

வகுப்பறை வாசலில் மூன்று கல்லு அடுப்பு. அடுப்புக்கு அப்பால் முற்றம். முற்றத்தின் நடுவில் கத்தரிக்கோல் வெட்டிய ஓரம் நேராகப் போனது. அதற்கு அங்கால் ஒன்றுமில்லை. ஒரு கோழி ஓரம்வரை நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

பவளம் அடுப்படியில் குந்தியிருந்தாள். முகத்தில் புகை. என்னைப் பார்க்கவில்லை. கறியைத் துழாவினாள்.

என் கையில் வாளி இருந்தது.

"தம்பி, வெளிக்கிடு," என்றார் குணரத்தினம் அண்ணை சேலையை விலக்கி. சவரம் செய்யாத முகம். தோளில் துவாய். "கிணத்தடியில சனம் கூடமுதல் போவம்."

"இஞ்சாருங்கோ," என்றாள் பவளம். "போகமுதல் ஒருக்கா உப்பைப் பாருங்கோ."

அகப்பையை நீட்டினாள். ஆவி பறந்தது.

முன்னறையிலிருந்து ஐயர் கேட்டுவிட்டார். "பாக்காதேங்கோ!" என்றார். "ருசி பாத்தால் படைக்கேலாது. உங்களுக்குச் சொன்னனானெல்லோ?"

"ஆர் அது சத்தம்?" என்றாள் பவளம்.

"ஐயர்."

"பள்ளிக்கூடத்துக்குள்ள ஐயருக்கு என்ன அலுவல்?"

"திவசமாம்."

"ஆருக்கு?"

சேலைக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு ஏழாறில் நின்றது. சின்னவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, பாத்தீங்களெண்டால் திவசம் இல்லை," என்றார் ஐயர். "பிறகு அவவுக்கு ஒண்டும் போய்ச் சேராது. நான் எழும்பிப் போறன்."

"போயிட்டு வாங்கோ ஐயா," என்றேன்.

"என்னடா, வாறியோ இல்லையோ?" என்றார் குணரத்தினம் அண்ணை.

வாளியைக் கீழே வைத்தேன்.

"உப்புப் பாத்திட்டு வாறன் அண்ணை."

"பாரு, பாரு. நான் நிக்கிறன்."

உள்ளங்கையை நீட்டினேன். பவளம் அகப்பையிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். சுட்டது. நக்கினேன். முன்னறையில் ஐயர் செம்பை எடுத்துக்கொண்டு எழும்பும் சத்தம் கேட்டது.

"காணாது," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள். சிரட்டையிலிருந்து உப்பைக் கிள்ளிப் போட்டாள். துழாவினாள். அகப்பையை மறுபடியும் நீட்டினாள்.

"இப்ப?"