பத்துக்கு எத்தனை வழி

கணிதத் துறைத் தலைவர் சொந்தமாக ஒரு விதி கண்டுபிடித்திருந்தார். அவரிடம் மாட்டிய மாணவர்கள் அதைத் தலைவிதி என்பார்கள்.

பகா எண்களை மட்டும் கூட்டி ஓர் எண்ணை எத்தனை வழியில் எழுதலாம் என்பதுதான் கணக்கு. ஏழு என்றால் தனியாக ஏழு, ஐந்தும் இரண்டும், மூன்றும் இரண்டும் இரண்டும்; ஆக மூன்று வழி. எட்டுக்கும் மூன்றுதான். அதற்கு முன்னால் ஐந்துக்கும் ஆறுக்கும் இரண்டிரண்டு. இப்படியே ஜோடி ஜோடியாக ஏறும் என்று தலைவர் விதி எழுதினார். ஒன்பதுக்கு நான்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். பத்தை எண்ணிப் பார்ப்பதெல்லாம் மேதைகள் செய்கிற வேலையா?

ஏழு வருடமாக அவரிடம் ஆராய்ச்சி செய்தவள் எண்ணினாள். அவளுடைய ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே அந்த விதிதான். பத்துக்கு ஐந்து வழி வந்தது. விதி குப்புற விழுந்தது.

தாளைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"அஞ்சும் அஞ்சும்னு போட்டிருக்கியே, அது ஒரே எண்தானேம்மா? அதை எடுத்துடு, நாலு வந்துடும்."

"நாலுக்கு நீங்களே ரெண்டும் ரெண்டும் போட்டிருக்கீங்களே சார்?"

"சின்ன எண்ணுக்குச் சலுகை உண்டு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். நாலாவது காலை வெட்டிக் காட்டுகிறவரை அன்றுதான் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடணுமா, வேண்டாமா?"

கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. ஏழு வருடமும் வீண். வீட்டுக்குப் போய் அக்காவிடம் புலம்பினாள்.

"பத்துக்கு நாலோ அஞ்சோ, அதனால யார் வீட்டு உலை கொதிக்காம நிக்குது? எடுத்துத் தொலைடி!"

எடுத்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பேராசிரியர் வந்தார். ஆய்வேட்டை அன்றுதான் பிரிக்கிறார் என்பது அவர் புரட்டிய அழகிலேயே தெரிந்தது. கேட்க வேண்டுமே என்று ஒரு கேள்வி கேட்டார்.

"பத்துக்கு எத்தனை வழி?"

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலு சார்."

"பேஷ்!" என்று குறித்துக்கொண்டார் வந்தவர். அவரும் எண்ணவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

மடையர் என்று தலைவரைக் கேன்டீனில் அவள் இத்தனை வருடமாக வைத வசவுகளுக்குக் கணக்கே இல்லை. அன்று கைகழுவப் போன இடத்தில் கண்ணாடியைப் பார்க்க அவளுக்குக் கூசியது. தலைவர் எண்ணிப் பார்க்காமல் விதி எழுதியவர். எண்ணிப் பார்த்துவிட்டு நாலு என்றவளை என்ன பேர் சொல்லி வைவது?