வீரம்மாளின் ஒன்பதாவது எழுத்து

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. பிழை என்னுடையது.

படிப்பைப் பாதியில் விட்டவன் நான். 1988இல், மலேசியாவில் செமோர் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். அலுவலகக் கணினி சும்மா கிடந்தது. கையேட்டைப் படித்து, லீவு சீட்டு அச்சடிக்க ஒரு கட்டளைக் கோப்பு எழுதினேன். கட்டளைகள் மேலிருந்து கீழே வரிசையாக ஓடும். 'கோ டூ' என்று ஒரு பெயரைச் சொன்னால், நடுவில் இருப்பதை விட்டுவிட்டு அந்தப் பெயர் எழுதிய இடத்துக்குத் தாவும். தொழிலாளிக்கு ஒரு பெயர், பெயருக்கு ஓர் இடம்.

இந்தக் கதையும் அப்படித்தான். 3க்குத் தாவுங்கள்.

2: கல்யாணம்

சனிக்கிழமை காலை, பீடோர் கோயிலில், மேளக்காரர்

[தாவச் சொன்னேன். நேராக வந்துவிட்டீர்கள். கணினி சொன்னால் கேட்கும்.]

3

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. முதல் வரைவில் இங்கே மழை பெய்தது. நிஜத்தில் பெய்யவில்லை; வெட்டிவிட்டேன்.

மறுநாள் எனக்குக் கல்யாணம். பெண் வீரம்மாள், எங்கள் பேக்கிங் பிரிவு. அவள் லீவு சீட்டு போன வாரமே கையெழுத்தாகிவிட்டது என்று நினைத்திருந்தோம். கையுறை வார்க்கும் அச்சுகளைக் கழுவும் வீரம்மா அக்கா, தன் பெயர் போட்டு வந்த அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வயது ஐம்பத்தொன்று.

"தம்பி, நாளைக்கு எனக்குக் கல்யாணமாம்லா. வீட்டுல ஒரு புருசன் இருக்காரே, அவர என்ன பண்றது?"

கிளார்க் நவமணி நிமிராமல் சொன்னாள்: "கையெழுத்துப் போட்டாச்சு அக்கா. போயி சேலை எடுங்க."

வீரம்மாள் சிரிக்கவில்லை. கணினிச் சீட்டு இல்லாமல் லீவு எடுத்தால் வேலை போய்விடும். கையால் எழுதினால் செல்லாது. மேனேஜர் எட்டு மணிக்குக் கோலாலம்பூர் கிளம்புகிறார்.

மூன்று முறை அச்சடித்தேன். மூன்று முறையும் வீரம்மா.

"நீ எழுதுனதுக்கே என்னையத் தெரியல," என்றாள் வீரம்மாள்.

4

(கதை எழுதுபவன் குறுக்கிடுகிறான்: அந்தக் கணினி பெயரில் முதல் எட்டு எழுத்தைத்தான் பார்க்கும். ஆங்கிலத்தில் வீரம்மா எட்டு எழுத்து, வீரம்மாள் ஒன்பது. எட்டு வரை இரண்டும் ஒன்றுதான்; அதனால் கோப்பில் மேலே இருந்த அக்காவின் இடத்துக்கே தாவியது. என் கல்யாணம் அந்த 'ள்'ளில் தொங்கியது. நம் பெண்களின் பெயர்களை யோசிக்காமல் யாரோ எண்ணியிருக்கிறார்கள்.)

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இதைக் கண்டபோது மணி ஏழு ஐம்பது.

"வேற பேரு வை," என்றாள் வீரம்மாள்.

"என்ன பேரு?"

"என்ன வேலையா போறோமோ அந்தப் பேரு."

கல்யாணம். ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தேன். எட்டு. ஓர் எழுத்து மிச்சமில்லை. அவள் இடத்தின் பெயரை மாற்றி, 'கோ டூ கல்யாணம்' என்று தட்டினேன். பிரிண்டர் கரகரவென்று ஓடியது.

[மேனேஜர் கார் போய்விடுவதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். படிக்க அழகாக இருந்தது. பொய். அடித்துவிட்டேன்.] வீரம்மாள் காரை மறித்தாள். மேனேஜர் பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப என் சீட்டு?" என்றார் வீரம்மா அக்கா.

நவமணி வாங்கிப் பார்த்தாள். "இதுவும் செல்லும். மூணு நாளு."

5

முடிவை நான் எழுதப்போவதில்லை. கோ டூ கல்யாணம். அங்கே ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது, மேளக்காரர் காத்திருக்கிறார். முடித்துவையுங்கள். முன்வரிசையில் வீரம்மா அக்காவுக்கு ஒரு நாற்காலி போட மறக்காதீர்கள். அவர் லீவில் இருக்கிறார்.