ரத்தினவேலின் பிரெஞ்சுத் தலை

ஐம்பது வயதைத் தாண்டியும் ரத்தினவேலுக்கு முடி அடர்த்தி. ஆனால் ஒவ்வொரு முடியும் விறைத்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் முள்ளம்பன்றி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து எண்ணெயை அப்பி, மண்டையோடு ஒட்டச் சீவித்தான் வெளியே கிளம்புவார்.

மகள் பாரிஸில் இருந்ததால், அவர் மனைவி யமுனா திருச்சி தென்னூரில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை, இட்லி தின்றுகொண்டிருந்தவரின் தலையையே பார்த்தாள்.

“ஏங்க, உங்க முடிக்கு பிரெஞ்சுல ஒரு பேரு இருக்கு. ஆன் ப்ராஸ். பிரஷ் மாதிரி குட்டையா நிமிந்து நிக்கிற கிராப்பு. அங்க ஆசைப்பட்டு வெட்டிக்கிறாங்களாம்.”

“கிண்டல் பண்ணாத.”

“நெஜமாத்தாங்க. உங்களுக்கு நல்லா இருக்கும்.”

அவள் வகுப்புக்குக் கிளம்பியதும் ரத்தினவேல் நேராக நசுருதீன் சலூனுக்குப் போனார்.

“ஆன் ப்ராஸ் வெட்டுங்க.”

“அது எந்த ஊரு கட்டிங் சார்?”

“பிரான்ஸு. ஷூ பிரஷ் மாதிரி நிக்கணும்.”

“அதானே. உட்காருங்க,” என்று மெஷினை எடுத்தார் நசுருதீன்.

மதியம் வகுப்பு முடிந்து மாடியிலிருந்து இறங்கிய யமுனா, வாசலில் நின்றவரிடம், “கொஞ்சம் வழி விடுங்க சார்,” என்றாள்.

“போன்ஷூர் மேடம்,” என்றார் அவர்.

யமுனா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி கைப்பையைப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. அவருக்குப் பயமாகிவிட்டது.

“நல்லா இல்லையா?”

“கிட்ட வாங்க.”

குனிந்தவரின் தலையைத் தடவினாள். உள்ளங்கை கூசியது. மறுபடி தடவினாள். கூட வந்தவர்கள் பார்ப்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் அவர் தோளைத் தட்டினாள்.

“நிறுத்துங்க. ஹெல்மெட்ட கழட்டுங்க.”

கழற்றியதும், அமுங்கியிருந்த முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. காற்று தலைத்தோலில் நேராகப் பட்டதும் அவரும் சிரித்துவிட்டார்.

“யமுனா, அப்படியே திரும்பி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா? ஓட்டல்லயே சாப்பிட்டுக்கலாம்.”

“குழம்பு வச்சிருக்கேங்க.”

“ராத்திரிக்கு ஆகும்.”

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பாலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பினார்.