பிடித்து வைத்த சீட்

என் அண்ணன் இருக்கும் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இரண்டாயிரத்து நூற்றுப்பத்து கிலோமீட்டர். விமானத்தில் மூன்று மணி பத்து நிமிடம். பதினாறு வருடமாக டிக்கெட் போடும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அண்ணனுக்கு மட்டும் அது ஏழு கடல் தாண்டிய தூரம். அம்மா படுக்கையில் விழுந்த எட்டு மாதத்தில் ஒன்பது முறை, "வெள்ளிக்கிழமை வரேன், சீட்டு போட்டு வை" என்றான். ஒன்பது முறையும் வரவில்லை. மீட்டிங், ஜுரம், மகளுக்குப் பரீட்சை. சாக்குக்கா பஞ்சம்?

எங்கள் வேலையில் சீட்டைப் பிடித்து வைப்பது வேறு, டிக்கெட் அடிப்பது வேறு. பிடித்து வைத்தால் இரண்டு மணி நேரம் நிற்கும். அதற்குள் டிக்கெட் அடிக்காவிட்டால் தானாகக் கழன்றுவிடும். ஆனால் பிடித்ததுமே பெயர், விமானம், நேரம் எல்லாம் பயணியின் போனுக்குப் போய்விடும். பார்க்க டிக்கெட் மாதிரியே இருக்கும். அண்ணனுக்கு ஒன்பது முறையும் பிடித்துத்தான் வைத்தேன். புலி வருது புலி வருது என்கிறவனுக்கு டிக்கெட் எதற்கு?

அந்த வியாழக்கிழமை காலை டாக்டர், "பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். அண்ணனுக்குத் தகவல் சொல்லிவிட்டு, லீவு கேட்க அலுவலகம் போனேன். அங்கே அவன் கூப்பிட்டான்.

"ரெண்டு மணி பிளைட்ல போடு. கண்டிப்பா வரேன்."

"கிழிச்ச."

"சத்தியமா வரேன்டி."

கை பழகிய வழியில் போனது. பிடித்து மட்டும் வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். கிளம்பினால் கூப்பிடுவான், அப்போது அடித்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணன் வருகிறான் என்றதும் அம்மா தலையை வாரிவிடச் சொன்னாள்.

ஒரு மணிக்கு அவன் குரல்.

"ஏர்போர்ட்ல நிக்கிறேன். என் பேர்ல டிக்கெட்டே இல்லைங்கறாங்க. என்னன்னு பாரு."

பிடித்து வைத்த இரண்டு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தேன். விமானம் நிறைந்துவிட்டது. அடுத்தது மறுநாள் காலை. டிக்கெட் அடிக்காததையும் சேர்த்தே அவனிடம் சொன்னேன்.

"ஏறிட்டானா?" என்றாள் அம்மா.

"ஏறிட்டான்."

ஐந்தரைக்கு மறுபடியும், "இறங்கிட்டானா?"

"இறங்கிட்டான்மா. வழியில டிராபிக்."

"அவனுக்குப் பசிக்கும்" என்றாள்.

ஏழு மணிக்குப் போய்விட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் நான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது கதவை.

மறுநாள் அண்ணன் வந்தபோது வீடு நிறைய சொந்தக்காரர்கள். சித்தி பிடித்துக்கொண்டாள்.

"மூணு மணி நேரத்துல வர்ற ஊரு. பெத்தவ கண்ணை மூடறதுக்குள்ள வர முடியலையா உனக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "தப்பு என்னோடதுதான் சித்தி. கடைசி நேரத்துல கிளம்பினேன். சீட் கிடைக்கல."

சித்தி காறித் துப்பாத குறை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத் திட்டியிருந்தால் ஒன்பது தடவையையும் தேதியோடு அவன் முகத்தில் எறிந்திருப்பேன். எட்டு மாதம் வயிறெரிந்து சேர்த்து வைத்தது. பாவி, அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

சித்தி இன்றுவரை அவனோடு பேசுவதில்லை. நானும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.