கொதிக்காத காலை

பன்றிவேட்டைக்குப் போகிற அன்று காலுறையில் ஒன்று காணாமல் போனால் எவரிஸ்தோ வீட்டையே இரண்டாக்கிவிடுவான். இந்த முறை வேறு ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "பரவாயில்ல கசில்தா, தேடாத" என்றான். அவன் மனைவி ஒற்றைக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

மலையடிவாரத்து அந்த ஊரில் எவரிஸ்தோவைக் கோபக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. 'எக்ஸால்தாதோ' என்பார்கள். கொஞ்சம் கொதிப்பில் இருக்கிறான் என்று பொருள். பந்தாட்டத்தில் தோற்றாலும் அந்தச் சொல்தான், மதுக்கடையில் நாற்காலி பறந்தாலும் அதே சொல்தான். பால் பொங்கினால் அடுப்பை அணைத்தால் போயிற்று, அதற்குப் போய் காவலரைக் கூப்பிடுவார்களா? கல்யாணமான புதிதில் அவளே அம்மாவிடம் அப்படிச் சொல்லித்தான் கன்னத்தில் அவன் விரல் பதிந்த சிவப்பை மறைத்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவனுடைய வேட்டைநாய் லூசேரோ விஷம் தின்று செத்தது. வைத்தவன் கசில்தாவின் தம்பி லெயாந்த்ரோதான் என்று எவரிஸ்தோ முடிவு கட்டிவிட்டான். லெயாந்த்ரோ தன் கோழிகளைக் காக்க நரிக்கு வைத்த விஷமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எவரிஸ்தோ தெருத்தெருவாகக் கத்தினான். ஊர் சிரித்தது. நேற்று மாலையோடு கத்தல் நின்றுவிட்டது.

வேட்டைத் தலைவர் அன்செல்மோவின் முற்றத்தில் கசில்தாதான் பெரிய சட்டியில் காய்ந்த ரொட்டித் துருவலைப் பூண்டோடு வதக்கினாள். ஆண்கள் நின்றபடியே தின்றார்கள். பிறகு வழக்கப்படி தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்தார்கள். யார் எந்த இடத்தில் துப்பாக்கியோடு நிற்பது என்பது அதில் விழுவதுதான். மாற்றிக்கொண்டால் மனித ரத்தம் சிந்தும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. லெயாந்த்ரோவுக்குப் பள்ளத்து ஓடை வந்தது. அதற்கு நேர் மேலே பாறை, அது எவரிஸ்தோவுக்கு.

எவரிஸ்தோ தன் கோப்பையை நீட்டினான். "குடி மச்சான். கீழ குளிரும்."

லெயாந்த்ரோவின் முகம் மலர்ந்துவிட்டது. கசில்தா அவன் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தாள்.

"காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போடா."

"என்னக்கா நீ? அவரே சமாதானமாயிட்டாரு. காபி குடுத்தாரு, பாக்கலையா?"

"அதத்தான்டா பாத்தேன்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் அன்செல்மோவிடம் ஓடினாள்.

"ஐயா, அவங்க ரெண்டு பேர் சீட்டையும் மாத்துங்க."

"உம் புருஷனத் தெரியாதாம்மா எங்களுக்கு? சும்மா கொதிப்பான், ஆறிடுவான். குரைக்கிற நாய் கடிக்காது."

"இன்னைக்கு அது குரைக்கல ஐயா."

அன்செல்மோ ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தோளைத் தட்டிவிட்டு ஊதுகொம்பை எடுத்துக்கொண்டு நடந்தார். ஊர் முன்னால் சீட்டை மாற்றினால் அவர் பேர் என்னாவது?

காலை முழுக்க மலையில் நாய்கள் குரைத்தன, வெடிகள் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் அவள் பயந்து செத்தாள். மற்ற பெண்கள் உருளைக்கிழங்கு உரித்தபடி மருமகள்களை உரித்துக்கொண்டிருந்தார்கள். உச்சிப்பொழுதில் கொம்பு ஊதியது. வேட்டை முடிந்தது. கொம்புக்குப் பிறகு குண்டைக் கழற்றிவிட வேண்டும், பன்றி காலை உரசிக்கொண்டு ஓடினாலும் சுடக் கூடாது. தவழும் பிள்ளைக்கும் அந்த ஊரில் அது தெரியும். கசில்தா சிலுவை போட்டுக்கொண்டாள். தன் புருஷனை இப்படி நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

அப்போது ஓடைப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது.

"எவனோ கொதிப்புல..." என்று ஆரம்பித்த ஒருத்தி, கசில்தாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

நாய்களும் அடங்கியிருந்தன. வெகு நேரம் கழித்து, பாறையிலிருந்து இறங்கும் சரிவுப் பாதையில் ஒரே ஒரு ஆள் தெரிந்தான். தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. அவன் ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வழியில் நின்று காலணி வாரைக் குனிந்து கட்டிக்கொண்டு, மறுபடி நிதானமாக நடந்து வந்தான்.