பதினோரு நிமிடச் சேவை

உதவிப் பணம் தரும் மூன்று நாடுகளின் தூதர்களுக்குக் காட்டுவதற்காகவே அந்த ஒற்றைச் சாளர அலுவலகம் திறக்கப்பட்டது. கட்டடத்தின் முன்பக்கம் கண்ணாடிக் கவுண்டர், ஏசி, பிளாஸ்டிக் செடி. பொதுமக்கள் நின்றது பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில்.

பொதுமக்களாக நடிக்க நான்கு ஊழியர்களுக்கு ஒரு வாரம் ஒத்திகை நடந்திருந்தது. தூதர்கள் இரண்டரை மணி நேரம் தாமதம். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால் அந்த ஊழியர்கள் எந்தச் சீர்திருத்தத்துக்கும் கட்டுப்படமாட்டார்கள். கார்கள் நுழைந்தபோது கவுண்டர் முன் ஈ, காக்கை இல்லை. இயக்குநர் பின்பக்கம் ஓடி, வரிசையில் முதலில் நின்ற பெண்ணைக் கையோடு அழைத்து வந்தார்.

அவள் ரொட்டிக்கடைக்காரி. உரிமத்தைப் புதுப்பிக்க மனு கொடுத்துப் பத்தொன்பது மாதம். புதுப்பிக்கவில்லை என்று அதே அலுவலகம் கடைக்குச் சீல் வைத்து ஐந்து மாதம். நாளைக்குள் திறக்காவிட்டால் இடத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகக் கட்டடச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

"ஒண்ணும் பேசாதீங்கம்மா. மனுவக் கொடுங்க, உரிமத்த வாங்குங்க, சிரிங்க," என்றார் இயக்குநர்.

"கையில வந்தா தானா சிரிப்பேன் சார்."

ஒத்திகை பார்த்த கிளார்க் தட்டினார், அச்சடித்தார், முத்திரை குத்தினார். மூத்த தூதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு நிமிடம். இந்த நாட்டின் கோளாறு மக்களுக்கு முனைப்பு இல்லாததுதான் என்று பதவியேற்ற வாரமே முடிவுக்கு வந்தவர் அவர். அந்த முடிவைக் கலைக்கக்கூடிய எந்தத் தெருவுக்கும் அவர் பிறகு போகவில்லை. இரண்டாம் தூதர், இதுவல்லவா துணிச்சலான சீர்திருத்தம் என்றார். மூன்றாமவர், இன்னும் கொஞ்சம் வலி பொறுத்தால் நாடு தேறிவிடும் என்றார். யாருடைய வலி என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"சுலபமா இருந்துச்சான்னு ஐயா கேக்குறாரு," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இந்தப் பதினோரு நிமிஷம் சுலபந்தான். அதுக்கு முந்தின பத்தொன்பது மாசத்தையும் கேக்கச் சொல்லுங்க."

மிகவும் சுலபம் என்கிறாள் என்று மொழிபெயர்ப்பாளர் தெரிவித்தார். மூத்த தூதர் உரிமத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவளோடு படம் எடுத்துக்கொண்டார்.

கார்கள் வெளியேறியதும் இயக்குநர் கையை நீட்டினார். "கொடுங்கம்மா. அது சும்மா காட்டுறதுக்கு அடிச்சது. பதிவேட்டுல நம்பரே ஏறல."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அப்ப அந்தப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். இதப் பிடிச்சுக்கிட்டுப் படம் எடுத்திருக்காரு, பாவம். உங்களுக்குக் கூச்சமா இருந்தா நானே போய்ச் சொல்றேன். தூதரகம் ரெண்டு தெரு தள்ளித்தானே?"

"மிரட்டுறீங்களா?"

"விவரம் சொல்றேன்."

கிளார்க் தொண்டையைச் செருமினார். "சார், இந்தக் கேஸத்தான் அறிக்கையில போடப் போறதா பேசிக்கிட்டாங்க. இன்னைக்கே அனுப்புறாங்களாம்."

இயக்குநர் உட்கார்ந்தார். அந்த உரிமத்தை நிஜமாக்கக் கோப்பு வேண்டும், அதில் ஏழு கையெழுத்து வேண்டும். பத்தொன்பது மாதமாகக் காணாத கோப்பு, ஒரு மேசைக்கால் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்த காகிதக் கட்டுக்குள் கிடைத்தது. ஆறு அதிகாரிகள் முக்கால் மணி நேரத்தில் கையெழுத்திட்டார்கள். ஒருவரை முடிதிருத்தும் கடையிலிருந்து பாதித் தலையோடு கூட்டி வந்தார்கள். ஏழாமவர் விடுப்பில் வீட்டில் இருந்தார். அவரிடம் கோப்பு இயக்குநரின் காரில் போய் வந்தது. அவள் நடந்தே வந்துபோன ஊரில் அவளுடைய கோப்புக்குக் கார் கிடைத்தது.

சாயங்காலம் ஆய்வாளர் வந்து சீலை உடைத்தார். ஷட்டரைத் தூக்கியதும் புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. பதினான்கு மாவு மூட்டைகளும் வண்டு அரித்துக் கிடந்தன.

"இதுக்கு யாரு சார் பொறுப்பு?"

"நஷ்டஈடு வேற பிரிவும்மா," என்றார் ஆய்வாளர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "மூணு பிரதி எழுதி, உரிமத்தோட நகல் வெச்சு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் முதல் மூட்டையை இழுத்து வந்து அவர் ஜீப்புக்கு முன்னால் கவிழ்த்துவிட்டு, அடுத்ததற்காக உள்ளே போய்விட்டாள்.