கழன்ற நட்டுக்குக் கிரீஸ்

மனிதனுக்கு வெட்கம், மானம், ரோஷம் எல்லாம் இருக்க வேண்டும் என்று என் அக்கா அடிக்கடி சொல்வாள். எனக்கு மூன்றுமே இருந்தன, இரண்டு மாதம் முன்பு வரைக்கும். அப்போதுதான் நான் தோட்டக்காரனாக இருக்கும் ஆஸ்பத்திரியில் புல் வெட்டும் சின்ன டிராக்டர் ரிப்பேர் ஆனது. அதைப் பார்க்க அந்த மெக்கானிக் வந்தாள்.

முதல் தடவை நிஜமான ரிப்பேர்தான். பேட்டரியின் எர்த் வயர் தளர்ந்துபோய், சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவள் ஸ்பேனரால் ஒரு நட்டை முறுக்கினாள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது, என் கதையும் முடிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அடியேன் கைங்கரியம். அதே நட்டை நானே தளர்த்திவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை போல அவளுக்குப் போன் போட்டேன். அவள் வந்து முறுக்குவாள், நான் கேன்டீனுக்கு ஓடி டீ வாங்கி வருவேன். அந்த டீயை அவள் குடித்து முடிக்கும் வரை எனக்குக் கால் தரையில் பாவாது.

மூன்றாம் தடவை அவள் முறுக்கிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"ஒரே கோளாறு மூணு தடவை வருதுன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம். இன்னொரு தடவை வண்டி நின்னா வேற கடையைப் பாரு."

எனக்குச் சுருக்கென்றது. என் கிறுக்குத்தனத்தால் அவள் பெயர் கெடுகிறது. இனி அந்த நட்டைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, கடைசி டீ என்று நினைத்தபடி போய் வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை சாவியைத் திருகினால் 'டக்' கூட இல்லை.

ஆறு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். "புல் நல்லா காயட்டும் சார், அப்புறம் வெட்டறேன்" என்று மேனேஜரிடம் புளுகினேன். பேட்டரிக்கு சார்ஜ் போட்டேன். வயர் முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுத்தியலால் தட்டிவிட்டு மன்னிப்பும் கேட்டேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. "ஜுரம் வண்டிக்கா, உனக்கா?" என்றாள் அக்கா.

ஏழாம் நாள் மேனேஜர் வெளியே போயிருந்தார், மத்தியானம் வருவார். அதற்குள் வண்டி ஓடாவிட்டால் வேறு கடை, அவளை இனிப் பார்க்கவே முடியாது. போன் போட்டேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள்.

"சீட்ல உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்குங்க. ஆள் உக்காரலைன்னா இது ஸ்டார்ட் ஆகாது, நடுவுல எழுந்தா நின்னுடும்."

உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். வண்டி மூச்சு விடவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை சத்தியமா நான் இல்லங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது.

"அப்போ முந்தி?"

"ரெண்டு தடவை நான். முதல் தடவை அதுவாதான் கழண்டுச்சு."

"தெரியும். தானா கழண்ட நட்டுல கரி புடிச்சிருக்கும். நீங்க கழட்டினதைத் துடைச்சு, கிரீஸ் வேற தடவி வெச்சிருந்தீங்க. வண்டியைக் கெடுக்கிறவங்க யாராவது கிரீஸ் தடவுவாங்களா?"

"துரு புடிச்சிடுமேன்னு..."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சரி, ஃபியூஸ் பாத்தீங்களா?"

"அது மூடி ஒழுங்கா மூடியிருந்துச்சே."

"ஒழுங்காத்தான் இருக்கும். மூடினது நான்." சட்டைப் பையிலிருந்து நகத்தளவு ஃபியூஸை எடுத்து நீட்டினாள். "அன்னைக்கு மேனேஜர் போட்ட சத்தம் ஜன்னல் வழியா கேட்டுச்சு. இனிமே நீங்க நட்டைத் தொட மாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க டீ வாங்கப் போனப்போ, வண்டி ஓடுதான்னு பாத்துட்டு இதை உருவிட்டேன். மறுநாளே கூப்பிடுவீங்கன்னு நினைச்சா, ஆறு நாள். இவ்வளவு நல்லவரா இருப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் ஃபியூஸைச் செருகினாள். சாவியைத் திருகியதும் வண்டி உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் கத்தினாள்: "வண்டி நல்லா இருந்தாலும், ஞாயித்துக்கிழமை வந்தா டீ கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்று கத்திக்கொண்டே துள்ளி எழுந்தேன். வண்டி படக்கென்று நின்றது. என் குரல் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்டது. வார்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கேட்டுக்குள் நுழைந்த மேனேஜர் வேகமாக வந்தார்.

"என்ன, மறுபடி நின்னுடுச்சா?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அவள், என்னைப் பார்த்தபடி. "இவர் உக்காந்தா சரியாயிடும்."

உட்கார்ந்தேன்.